மே ஒன்பது: ஐரோப்பிய தினமும் அயல்நாடுகளின் பொது அடையாளமும்

ஆண்டுதோறும் மீண்டு வரும் நினைவு நாட்கள், ஒரு சமுதாயம் தன்னைப்பற்றித் தானே கூறிக்கொள்ளும் வரலாற்றின் சுருக்கக் குறிப்புகள் எனலாம். எந்த நாளை நினைவிற் கொள்வது, எந்த நாளை மறந்துவிடுவது என்னும் தெரிவு ஒருபோதும் தற்செயலானதன்று. பழைய சமுதாயங்களிலே இத்தெரிவைச் சமயமும் பயிர்ச்செய்கைப் பருவங்களும் நிர்ணயித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசிய அரசுகள் வலுப்பெற்றபோது, நாட்காட்டியின் மீதான அதிகாரத்திற் பெரும்பங்கு அரசின் கைக்கு மாறியது. பிரான்சின் மூன்றாங் குடியரசு 1880 இல் யூலை 14 ஆம் நாளைத் தேசிய தினமாக்கிற்று. 1871 இல் உருவான ஜேர்மன் பேரரசிலே, முந்திய ஆண்டில் செடான் என்னுமிடத்திற் பிரெஞ்சுப் பேரரசன் சரணடைந்த செப்டெம்பர் 2 ஆம் நாள் வெற்றித் திருநாளாகக் கொண்டாடப்பட்டது. எரிக் ஹொப்ஸ்போமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983 இற் பதிப்பித்த நூல், தொன்மையானவை என நம்பப்படும் பல மரபுகள் இவ்வாறு அண்மைக் காலத்திலே திட்டமிட்டு ஆக்கப்பட்டவை என்பதை எடுத்துக்காட்டியது.

தேசிய தினங்கள் பலவற்றிற்குப் பொதுவானதொரு பண்பு உண்டு. அவை 'நாம்' என்னும் உணர்வை வளர்க்கும்போதே 'அவர்கள்' என்னும் உணர்வையும் வளர்த்துவிடுகின்றன. செடான் தினம் பெர்லினிலே கொடியேற்றும் நாள். பாரிசிலோ அது அவமானத்தின் நாள். முதலாம் உலகப்போரை முடிவுறுத்திய நவம்பர் 11 ஆம் நாளைப் பிரான்சு 1922 இல் விடுமுறை நாளாக்கியபோது இந்நிலை தலைகீழாக மாறியது. ஒருவரின் வெற்றி விழா அயலவரின் துக்க நாளாக அமையும் இந்த நாட்காட்டியிலே, இருவருக்கும் பொதுவானதொரு நாள் இருத்தல் கூடுமா? எவரையும் பகைவராகச் சுட்டாத ஒரு நினைவு நாள், பகைமை பாராட்டிய பல தேசங்களிடையே பொதுவானதோர் அடையாளத்தை வளர்க்க வல்லதா? ஐரோப்பிய ஒன்றியம் மே 9 ஆம் நாளில் அனுட்டிக்கும் ஐரோப்பிய தினத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அந்நாளின் வரலாற்றுப் பின்னணியை நோக்குவோம். 1870 ஆம் ஆண்டுக்கும் 1945 ஆம் ஆண்டுக்கும் இடையில் பிரான்சும் ஜேர்மனியும் மும்முறை போரிட்டன. அக்காலத்தில் அல்சாஸ், லொரெய்ன் பிரதேசங்கள் நான்கு முறை கைமாறின. ஒரே வீட்டில் வாழ்ந்த பாட்டனும் மகனும் பேரனும் வெவ்வேறு அரசுகளின் பிரசைகளாகப் பிறக்கும் நிலை அங்கு ஏற்பட்டது. மே 9 ஆம் நாளின் நாயகராகக் கருதப்படும் ரொபேர்ட் சூமன் இவ்வெல்லைப்புற வாழ்வின் விளைவாவார். அவருடைய தந்தையார் லொரெய்னில் பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, 1871 இல் அப்பகுதி இணைக்கப்பட்டதால் ஜேர்மன் பிரசையானவர். தாயார் லக்சம்பேர்க் நாட்டவர். 1886 இல் லக்சம்பேர்க்கில் ஜேர்மன் பிரசையாகப் பிறந்த சூமன், ஜேர்மன் பல்கலைக்கழகங்களிற் சட்டம் பயின்று, மெற்ஸ் நகரில் வழக்கறிஞராகி, முதலாம் உலகப்போரின் பின்னரே பிரெஞ்சுப் பிரசையானார். 1948 முதல் 1952 வரை பிரான்சின் வெளிநாட்டமைச்சராகப் பணியாற்றியவரும் அவரே. எல்லையின் இரு புறத்தையும் தம் குடும்பத்திலேயே கண்ட ஒருவர் எல்லையின் பொருளை மாற்ற முனைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1950 மே 9 ஆம் நாள் மாலை, பாரிசிலுள்ள வெளிநாட்டமைச்சின் மண்டபமொன்றிலே சூமன் ஓர் அறிக்கையை வாசித்தார். அதன் கருத்துக்கும் வரைவுக்கும் மூலகாரணராக இருந்தவர் பிரான்சின் பொருளாதாரத் திட்டமிடலுக்குப் பொறுப்பாயிருந்த ஷான் மொனே. பிரான்சினதும் ஜேர்மனியினதும் நிலக்கரி, உருக்கு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகார சபையின் கீழ்க் கொணர்வதும், ஏனைய ஐரோப்பிய நாடுகள் அதில் இணைவதற்கு வழிதிறந்து விடுவதுமே அவ்வறிக்கையின் சாரம். பீரங்கியும் தாங்கியும் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருட்கள் இவ்விரண்டுமே. அவற்றை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமற் பயன்படுத்த இயலாத நிலை ஏற்படுமாயின், போர் விரும்பத்தகாததாக மட்டுமன்றி நடைமுறையிற் சாத்தியமற்றதாகவும் ஆகிவிடும் என்பது அதன் தருக்கம். ஐக்கியம் ஒரே நாளில் உருவாகிவிடாது, கைகூடும் சிறு செயல்களின் வழியே அது படிப்படியாக வளரும் என்னும் எண்ணமும் அவ்வறிக்கையிலே தெளிவாக இடம்பெற்றது. மேற்கு ஜேர்மனியின் தலைவர் கொன்றாட் அடேனாவர் அன்று காலையிலேயே தமது இசைவைத் தெரிவித்திருந்தார். 1951 ஏப்ரல் 18 இல் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகளும் பாரிஸ் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 1957 மார்ச் 25 இல் றோமாபுரி உடன்படிக்கைகள் அதனைத் தொடர்ந்தன.

இந்நிகழ்ச்சியிலே காவியத்தன்மை எதுவும் இல்லை. சிறையொன்று தகர்க்கப்படவில்லை, மாவீரர் எவரும் வீழவில்லை, மக்கள் வீதிக்கு வரவில்லை. கண்ணாடியணிந்த வயோதிப அமைச்சர் ஒருவர் தாளிலிருந்து ஓர் அறிக்கையை வாசித்தார், அவ்வளவே. அவ்வேளையிற் புகைப்படம் எடுப்பதற்குக்கூட ஒழுங்கு செய்யப்பட்டிருக்கவில்லை. பிற்காலத்திற் பரவலாக வெளியான படம், அதற்கெனப் பின்னொரு நாளில் அக்காட்சி மீள அமைக்கப்பட்டபோது எடுக்கப்பட்டதாகும். அந்நாளைத் தெரிந்தெடுத்தமைக்குங்கூட இலண்டனிற் கூடவிருந்த வெளிநாட்டமைச்சர் மாநாட்டிற்கு முன்னர் முடிவை அறிவிக்கவேண்டும் என்னும் அவசரமே காரணமாயிற்று. நினைவு நாளாகக் கொள்ளப்படப் போகின்றது என்ற எண்ணம் சிறிதுமின்றியே மே 9 கழிந்தது. அது நினைவு நாளாவதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இடைக்காலத்தில் வேறொரு ஐரோப்பிய தினம் தோன்றியது. 1949 மே 5 இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய சபை, தனது பிறந்த நாளான மே 5 ஐ 1964 இல் ஐரோப்பிய தினமாகப் பிரகடனஞ் செய்தது. நீலப் பின்னணியிற் பன்னிரு பொன்னிற நட்சத்திரங்கள் வட்டமாக அமைந்த கொடியை 1955 இலும், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியிலிருந்து பெறப்பட்ட கீதத்தை 1972 இலும் ஏற்றுக்கொண்டதும் அச்சபையே. பொருளாதார சமூகமோ இத்தகைய சின்னங்களில் நெடுங்காலம் நாட்டங் காட்டவில்லை. சந்தை விரிவடைந்தால் மனங்களும் தாமாகவே நெருங்கிவிடும் என அது நம்பியிருந்தது போலும்.

இந்நம்பிக்கை தளர்ந்தமைக்கு ஒரு காரணம் தேர்தற் பெட்டியாகும். ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு 1979 இல் நடைபெற்ற முதலாவது நேரடித் தேர்தலில் ஏறக்குறைய 62 வீதமானோர் வாக்களித்தனர். 1984 இல் அத்தொகை ஏறக்குறைய 59 வீதமாகக் குறைந்தது. அவ்வாண்டு யூன் மாதம் பொன்தென்புளோ நகரிற் கூடிய அரசுத் தலைவர்கள், சமூகத்தை மக்களுக்கு அண்மித்ததாக ஆக்கும் வழிவகைகளை ஆராய இத்தாலியரான பியேத்ரோ அதொனினோவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தனர். அக்குழுவின் சிபாரிசுகளை 1985 யூன் இறுதியில் மிலான் உச்சிமாநாடு ஏற்றுக்கொண்டது. மே 9 ஐரோப்பிய தினமாயிற்று. அடுத்த ஆண்டு முதல் அது கொண்டாடப்பட்டது. அதே யூன் மாதம் 14 ஆம் நாள், மிலான் மாநாட்டிற்கு இரு வாரங்களின் முன், லக்சம்பேர்க்கின் எல்லைப்புறக் கிராமமான ஷெங்கனில் ஐந்து நாடுகள் தமது பொது எல்லைகளிற் சோதனைகளைப் படிப்படியாக ஒழிக்க உடன்பட்டன. ஒரே மாதத்தில் ஒரு சின்னமும் ஒரு நடைமுறையும் பிறந்தன. இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பே நமது விசாரணைக்கு முக்கியமானது.

ஒரு பொது நினைவு நாள் அடையாள உணர்வை எவ்வாறு வளர்க்கின்றது? மூன்று வழிகளை ஈண்டு வேறுபடுத்திக் காணலாம். முதலாவதாக, வெவ்வேறு கடந்த காலங்களையுடைய தேசங்களுக்கு அது பொதுவானதோர் ஆரம்பத்தை வழங்குகின்றது. தேசம் என்பது எவ்வளவுக்கு நினைவின் மீது நிற்கின்றதோ அவ்வளவுக்கு மறதியின் மீதும் நிற்கின்றது என எர்னெஸ்ட் ரெனான் 1882 இற் பாரிசில் ஆற்றிய விரிவுரையில் வாதித்தார். மே 9, போரை மறக்கும்படி கேட்கவில்லை. போரின் வெற்றிப் பெருமிதத்தைக் கைவிடும்படியே கேட்கின்றது. இரண்டாவதாக, பகைவனாயிருந்தவன் இந்நாளின் கதையிற் பங்காளியாக இடம்பெறுகின்றான். சூமனின்றி அடேனாவரும், அடேனாவரின்றிச் சூமனும் இக்கதையிற் பொருள்படமாட்டார்கள். மூன்றாவதாக, ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே நாளில் ஒரே செயலிற் பங்குகொள்கின்றனர் என்னும் உணர்வை அது தருகின்றது. இவ்வுடனிகழ்வு உணர்ச்சியே தேசம் என்னும் கற்பிதத்தின் அடிப்படைகளுள் ஒன்று என பெனடிக்ற் அண்டர்சன் 1983 இல் விளக்கியமை நினைவுகூரத்தக்கது. பிரசெல்சிலும் ஸ்திராஸ்பூர்க்கிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் மே 9 ஐ ஒட்டிய நாட்களில் தம் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதும், பாடசாலைகளில் நிகழ்ச்சிகள் நடைபெறுவதும் இந்நோக்கிலேயாம்.

எனினும், ஆணையினாற் பிறந்த ஒரு நாளின் வலிமையை மிகைப்படுத்துதல் தகாது. அங்கத்துவ நாடுகளிற் பெரும்பாலானவற்றில் மே 9 வழமையான வேலை நாளாகவே கழிகின்றது. லக்சம்பேர்க் 2019 இல் அதனை விடுமுறை நாளாக்கியமை ஒரு விதிவிலக்கு. 2004 இற் கைச்சாத்தான அரசியலமைப்பு உடன்படிக்கையிலே கொடி, கீதம் என்பவற்றோடு மே 9 உம் ஒன்றியத்தின் சின்னமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 2005 மே 29 இல் பிரான்சின் வாக்காளரும், மூன்று நாட்களின் பின் நெதர்லாந்தின் வாக்காளரும் அவ்வுடன்படிக்கையை நிராகரித்தனர். அதன் இடத்தை நிரப்ப 2007 இல் உருவான லிஸ்பன் உடன்படிக்கையிலிருந்து சின்னங்கள் பற்றிய பிரிவு நீக்கப்பட்டது. அப்போதிருந்த இருபத்தேழு நாடுகளுட் பதினாறு மட்டுமே அச்சின்னங்களைத் தாம் தொடர்ந்து ஏற்பதாகத் தனிப் பிரகடனமொன்றில் அறிவித்தன. சூமனின் நாடாகிய பிரான்சு அப்பதினாறுள் அன்று இடம்பெறவில்லை. 2017 இலேயே அது இணங்கிற்று. பிரித்தானியாவோ முப்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய தினங்களைக் கண்ட பின்னர், 2016 இல் வெளியேறத் தீர்மானித்து, 2020 ஜனவரி 31 இல் வெளியேறியது. நாளைக் குறித்துவிட்டால் அடையாளம் தானே வந்து சேரும் என்னும் கருத்தை இந்நிகழ்ச்சிகள் மறுக்கின்றன.

இதற்கு மாறான மற்றொரு உதாரணம் அதே மண்ணில் உண்டு. 1963 ஜனவரி 22 இற் சார்ள்ஸ் டி கோலும் அடேனாவரும் எலிசே உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். அதன் வழியே அதே ஆண்டில் நிறுவப்பட்ட பிரெஞ்சு - ஜேர்மன் இளைஞர் அமைப்பு, காலப்போக்கில் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞரைப் பரிமாற்றத் திட்டங்களிற் பங்குகொள்ளச் செய்தது. நகரங்கள் நகரங்களோடும் பாடசாலைகள் பாடசாலைகளோடும் உறவுபூண்டன. நாற்பதாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னரே, 2003 இல், ஜனவரி 22 இரு நாட்டினதும் பொது தினமாக அறிவிக்கப்பட்டது. அந்த நாற்பதாவது ஆண்டு நிறைவையொட்டிப் பெர்லினிற் கூடிய இளைஞர் பாராளுமன்றம், இரு நாட்டு மாணவர்க்கும் பொதுவானதொரு வரலாற்றுப் பாடநூல் வேண்டும் எனக் கோரியது. 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் அந்நூல் மூன்று தொகுதிகளாக இரு மொழிகளிலும் வெளிவந்தது. செடான் தினத்தையும் நவம்பர் 11 ஐயும் எதிரெதிராகக் கொண்டாடியோரின் வழித்தோன்றல்கள் ஒரே பாடநூலில் அவ்விரு நாட்களையும் பற்றிப் பயிலும் நிலை உருவாயிற்று. இங்கு நடைமுறை முன்னே சென்றது. நாள் பின்னே வந்து அதற்குப் பெயரிட்டது. பெயர் கிடைத்தபின் நடைமுறை மேலும் ஓரடி முன்னேறியது. நினைவு நாளின் உண்மையான தொழிற்பாடு இதுவே எனக் கொள்ளலாம்.

நினைவு நாளுக்கு உயிரூட்டும் மற்றொரு நிலைமையும் உண்டு. அது தெரிவு செய்யவேண்டிய நெருக்கடியாகும். மே 9 ஐரோப்பா முழுவதற்கும் ஒரே பொருளைத் தரும் நாளன்று. 1945 இல் நாசி ஜேர்மனியின் சரணாகதி பெர்லினிற் கைச்சாத்தானபோது மொஸ்கோ நேரப்படி மே 9 பிறந்துவிட்டமையால், சோவியத் ஒன்றியத்தில் அதுவே வெற்றித் தினமாயிற்று. கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்துப் பெற்ற அவ்வெற்றியின் நினைவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் போலந்து மக்களுக்கும் போல்ற்றிக் நாட்டவர்க்கும் அதே நாள் ஓர் ஆக்கிரமிப்பின் முடிவையும் மற்றோர் ஆதிக்கத்தின் ஆரம்பத்தையும் ஒருங்கே நினைவூட்டுவதாகும். 2004 இல் இந்நாடுகள் ஒன்றியத்தில் இணைந்தபோது, இரு மே ஒன்பதுகளுக்கிடையிலான முரண்பாடும் ஒன்றியத்தினுள் வந்தது. 2022 இல் ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கிய பின், உக்ரேன் இம்முரண்பாட்டை வெளிப்படையாகவே தீர்த்துக்கொண்டது. மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் ஐரோப்பிய தினத்தை அனுட்டித்துவந்த அந்நாடு, 2023 இல் அதனை மே 9 க்கு மாற்றி, போரின் நினைவை மே 8 க்கு நகர்த்தியது. பிரசெல்சிலே பலர் கவனியாது கடந்துசெல்லும் ஒரு நாள், கீவ் நகரிலே தாம் எவருடன் சேர்ந்தவர்கள் என்பதைக் கூறும் பிரகடனமாயிற்று. மேலிருந்து விதிக்கப்பட்டபோது மங்கியிருந்த சின்னம், கீழிருந்து தெரிந்தெடுக்கப்பட்டபோது ஒளிபெற்றது. அதேவேளை, எவரையும் பகைவராகச் சுட்டாத நாளாகத் தொடங்கிய மே 9, இத்தெரிவின் மூலம் ஓர் எதிர்நிலையையும் பெற்றுவிட்டது என்பதை வரலாற்று மாணவர் காணாதிருத்தல் இயலாது.

அந்நாளின் கதையில் இடம்பெறாத பக்கமொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். குடியேற்ற ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளைச் சேர்ந்தோராகிய நமக்கு அது சிறப்பாகப் புலப்படும். 1945 மே 8 இல் ஐரோப்பா சமாதானத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், அல்ஜீரியாவின் செத்திஃப் நகரிற் சுதந்திரக் கொடியுடன் ஊர்வலஞ் சென்றோர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியக் குடியேறிகள் ஏறக்குறைய நூறு பேர் கொல்லப்பட்டனர். அதற்கான அடக்குமுறையில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் உயிரிழந்தனர். சூமனின் அறிக்கையிலே ஆபிரிக்காவின் அபிவிருத்தி ஐரோப்பாவின் கடமையாகக் குறிப்பிடப்பட்டபோது, ஆபிரிக்கர் அதற்கு இசைந்தார்களா என்னும் வினா எழவில்லை. அயலவரிடையே சமாதானம் என்பது தொலைவிலுள்ளோர்க்கும் சமாதானம் என்று பொருள்படவில்லை. ஒரு பொது நினைவு யாரை உள்ளடக்குகின்றது என்பதோடு யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதையும் சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமது பிராந்தியத்தின் மீதும் சிறிது ஒளி பாய்ச்சுகின்றது. மிலான் மாநாடு நடைபெற்ற அதே 1985 இல், டிசெம்பர் 8 ஆம் நாள், டாக்கா நகரில் இலங்கை உட்பட ஏழு நாடுகள் தென்னாசியப் பிராந்திய ஒத்துழைப்புச் சங்கத்தின் சாசனத்திற் கைச்சாத்திட்டன. 2007 இல் ஆப்கானிஸ்தானும் இணைந்தது. டிசெம்பர் 8 சாசன தினமாக ஆண்டுதோறும் அனுட்டிக்கப்படுகின்றது. தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளும் வெளியாகின்றன. ஆயினும் தென்னாசியரின் மனத்திலே ஆழப் பதிந்த நாட்கள் வேறு. ஓகஸ்ட் 14, ஓகஸ்ட் 15, டிசெம்பர் 16 ஆகியன விடுதலையின் நாட்களாயிருக்கும் அதேவேளை பிரிவினையின் நாட்களாகவும் இருக்கின்றன. 2014 இல் கத்மண்டு உச்சிமாநாடு நடைபெற்றது. அடுத்து 2016 இல் இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த மாநாடு நடைபெறாமற் போயிற்று. 2010 இற் புதுடில்லியிற் கற்பித்தலைத் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகம் போன்ற சில முயற்சிகளைத் தவிர்த்தால், சாசன தினம் பெயரிடுவதற்குரிய பொது வாழ்வு மிகக் குறைவு. நமது பிராந்தியத்தில் நாள் முன்னே வந்துவிட்டது. நடைமுறை இன்னும் வந்து சேரவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, அயல்நாடுகளிடையே பொது அடையாளத்தை ஒரு நினைவு நாள் தனித்து நின்று படைப்பதில்லை என்பது புலனாகும். எல்லையைக் கடந்து கல்வி பயிலும் மாணவரும், தொழில் தேடிச் செல்லும் தொழிலாளரும், ஒரே பாடநூலைக் கையிலெடுக்கும் ஆசிரியரும் அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக ஆக்குகின்றனர். ஆண்டில் ஒரு நாள் அவ்வாக்கத்தைக் கண்டறிந்து அதற்குப் பெயர் சூட்டுகின்றது. அவ்வாறு பெயர் சூட்டப்பட்ட உறவை, நெருக்கடி வரும்போது மக்கள் பற்றிக்கொள்ளவோ கைவிடவோ செய்வர். நமது பிராந்தியத்தின் வரலாற்றை எழுதவும் கற்பிக்கவும் போகின்றவர்களுட் பலர் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்பவர்களே. பிரெஞ்சு, ஜேர்மன் மாணவர் 2003 இற் கேட்டது கொடியையன்று, கீதத்தையுமன்று. ஒருவர் வரலாற்றை மற்றவர் அறியத்தக்க ஒரு நூலையே கேட்டனர். தென்னாசிய மாணவர் அத்தகைய கோரிக்கையை முன்வைக்கும் காலம் வருமாயின், டிசெம்பர் 8 க்கு அன்று பொருள் கிடைக்கும்.